வாலில் கட்டிய எலுமிச்சை

நாமக்கல் சமவெளி வானூர்திக் கழகத்தில் உறுப்பினர்கள் நான்கு பேர், பதவிகள் மூன்று. தலைவர் தீனதயாளன், கோழிப்பண்ணைக்காரர். செயலாளர் அன்பரசு, விடுதியோடு கூடிய பெரிய பள்ளியொன்றில் இயற்பியல் வாத்தியார். பொருளாளர் வேலுமணி, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். நான்காவது ஆளான குணசீலன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கிறவர். அவருக்குப் பதவி மிஞ்சவில்லை. கழகத்தில் விமானம் ஓட்டத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். இதைத் தற்செயல் என்று நினைக்கிறவர்கள் நம் ஊர்ச் சங்கம் எதிலும் ஒருநாள்கூட இருந்திருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ராசிபுரம் போகும் ரோட்டோரம் காய்ந்து கிடக்கும் ஏரிக்குள் நான்கு பேரும் கூடுவார்கள். ரிமோட்டில் பறக்கும் விமானங்களைக் கைக்குழந்தையை இறக்குவது மாதிரி காரிலிருந்து இறக்குவார்கள். அவற்றைப் பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தது. ஆடு மேய்க்க வந்த ஓர் அம்மாள், "பொம்மைங்களா சாமி?" என்று வாஞ்சையாகக் கேட்டதற்கு அன்பரசு அரைமணி நேரம் பாடம் நடத்தினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு ஆடுகளை அந்தப் பக்கமே ஓட்டுவதில்லை.

பிடித்த விமானம் எது என்பதில் நான்கு பேரும் ஒத்துப்போனதே கிடையாது. தீனதயாளனுக்குப் பிடித்தது ஜெட் போர் விமானம். வாங்கி மூன்று வருடமாகிறது, ஒருமுறைகூடப் பறந்ததில்லை. காரின் பின்சீட்டில் சீட் பெல்ட் போட்டு உட்காரவைத்து ஏரிக்கு அழைத்து வருவார். வெயில் பட்டால் வர்ணம் மங்கும் என்று இறக்காமலே திரும்ப அழைத்துப் போவார். அன்பரசுவுக்குப் பிடித்தது மோட்டாரே இல்லாத கிளைடர். மேலெழும் காற்றில் அது எப்படி மணிக்கணக்கில் மிதக்கும் என்பதைக் குச்சியால் ஏரி மண்ணில் படம் போட்டு விளக்குவார். அவரிடம் படித்த பிள்ளைகள் அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கினார்கள். அவருடைய கிளைடர்தான் பதினைந்து விநாடிக்கு மேல் தேறவில்லை. குணசீலனிடம் இருந்தது தெர்மாகோலில் செய்த ஒரு பழைய பயிற்சி விமானம். அதில் தெர்மாகோலைவிட செல்லோடேப் அதிகம். அது வாராவாரம் ஏறும், வட்டமடிக்கும், வந்து அவர் காலடியில் இறங்கும். அதனாலேயே அதை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. கழகத்தின் தலைசிறந்த விமானம் எது என்று வருடத்துக்கு ஒருமுறை வாக்கெடுப்பு நடக்கும். நான்கு வருடமாக ஆளுக்கு ஒரு ஓட்டில் சமமாக நிற்கிறது.

வேலுமணியின் கட்சி தனி. கடையில் வாங்கினதை அவர் விமானமென்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

"சேசிஸ் வாங்கிக்கலாமுங்க. பாடி நாமதானுங்க கட்டோணும்" என்பார்.

எடை குறைவாக இருக்கட்டும் என்று உலகமெல்லாம் பால்சா என்கிற பஞ்சுக் கட்டையில் மாடல் விமானம் செய்கிறார்கள். வேலுமணி அதை விரலால் சுண்டிப் பார்த்தார். "இது கட்டையா, முறுக்கா?" என்று தள்ளிவைத்துவிட்டுத் தடிப் பிளைவுட்டில் சட்டம் போட்டு, மூலைக்கு மூலை இரும்புப் பட்டி அடித்தார். பத்து டன் வண்டியில் பதினெட்டு டன் ஏற்றுவார்கள் என்று தெரிந்தே பாடி கட்டிப் பழகிய கை அது. வானத்தில் யாரும் மூட்டை ஏற்றப்போவதில்லை என்று அந்தக் கைக்குப் புரியவைக்க முடியவில்லை.

இப்படிக் கட்டிய விமானங்கள் ஆறும் விழுந்தன. ஐந்து, ஏரிக்குள்ளேயே விழுந்து ஊருக்குத் தெரியாமல் போயின. ஆறாவது மட்டும் பக்கத்து சேகோ ஆலைக் களத்தில் காயப்போட்டிருந்த ஜவ்வரிசியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உழவு ஓட்டிவிட்டு நின்றது. ஆலைக்காரர் மருதாசலம் வேறு யாருமில்லை, வேலுமணியின் மனைவி ரஞ்சிதாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

"ஏனுங்க, எங்கண்ணன் ஊட்டுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?" என்று ரஞ்சிதா கேட்டாள். "பாயாசத்துல றெக்கை கெடக்குதான்னு பாத்துக் குடிங்கன்னு பந்தியில சொல்லிச் சிரிக்கறாங்க."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு ரஞ்சிதா. இந்தத் தடவ கனத்தக் கொறச்சுக் கட்டறேன்."

"ஒண்ணுதானுங்க. ஆடிப் பதினெட்டுக்குள்ள அது பறந்து, முழுசா ஊட்டுக்கு வந்து சேரோணும். இல்லீன்னா அன்னிக்கு ஜேடர்பாளையம் போறமல்ல, உங்க ரிமோட்ட ஆத்துல உட்டுருவேன். பொறவு விமானம்ங்கற பேச்சே இந்த ஊட்ல இருக்கப்படாது."

ரஞ்சிதா சொன்னால் சொன்னதுதான். பத்து வருடத்துக்கு முன்னால் சிகரெட்டும் இப்படித்தான் ஒரே நாளில் நின்றது. வேலுமணி அன்றிரவு ரிமோட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்.

விளையாட்டுச் சாமானுக்கு இந்த வயதில் இத்தனை கலக்கமா என்று கேட்கலாம். அவர் ஆயிரத்துச் சொச்சம் லாரி கட்டியிருக்கிறார். சட்டம் அடித்து, பலகை பூட்டி, பின்கதவில் மயில் வரைந்து, பூசை போட்டு அனுப்புவார். வண்டி பட்டறைக் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறும், அவ்வளவுதான். கவுகாத்தி போனது, ஜம்மு போனது என்று காதில் விழும். திரும்பி வருகிற ஒன்றிரண்டும் எங்கேயாவது இடித்து, நசுங்கி, டிங்கரிங் வேலைக்கு வருபவை. கட்டியது கட்டியபடி, சும்மா ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு வண்டியும் வந்ததில்லை. குணசீலனின் ஒட்டுப்போட்ட விமானம் வாராவாரம் எங்கேயோ சுற்றிவிட்டு அவரைத் தேடி வந்து இறங்குவதைப் பார்க்கும்போது வேலுமணிக்குப் பொறாமையாக இருந்தது. தான் கட்டிய ஒன்று, ஒரே ஒன்று, முழுசாகத் தன்னிடம் திரும்பி வர வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் இதைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மனசுக்குள்ளேயே வைத்திருந்தார்.

ஏழாவது விமானத்துக்கு மூன்று மாதம் ஆயிற்று. எட்டடி இறக்கை. இரும்புப் பட்டி கிடையாது, தடிப் பலகை கிடையாது. மெல்லிய பிளைவுட்டில் தேவைக்கு மேல் இருந்ததையெல்லாம் வட்டம் வட்டமாக வெட்டி எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக எடை குறைத்துக் கட்டினார். அன்பரசு கணக்குப் போட்டு இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகளில் விரல் கொடுத்துத் தூக்கினால் விமானம் முன்னாலும் சாயாமல் பின்னாலும் சாயாமல் நிற்க வேண்டும், அப்போதுதான் பறக்கும். தூக்கிப் பார்த்தார்கள். தராசு முள் மாதிரி நின்றது. குணசீலன்கூட, "இது பறக்குமுங்க" என்று சொல்லிவிட்டார்.

மஞ்சள் வர்ணம் அடித்து, வாலில் மயில் வரைந்து, இரண்டு பக்கமும் பட்டறைப் பெயரையும் செல் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதினார் வேலுமணி.

"மேல போறத ஆருங்க படிக்கறது?" என்று குணசீலன் சிரித்தார்.

"பாடி கட்டினவன் பேரும் நம்பரும் இல்லாத வண்டி அனாதைங்க" என்றார் வேலுமணி.

ஆனி மாதக் கடைசி ஞாயிறு. மேற்கேயிருந்து அடிக்கும் மேல்காற்று ஏரி மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. காற்று அடங்கின நாளாகப் பார்த்துப் பறக்கவிடலாம் என்றார் குணசீலன். வெறும் உறுப்பினர் சொன்னால் யார் கேட்பது?

"அடுத்த வாரம் ஆடி பொறந்துருமுங்க. ஆடியில புது வண்டிக்குப் பூசை போடுவாங்களா?" என்று தலைவர் தீனதயாளன் கேட்டார். பூசை போடாமலே பறக்கவிடலாமே என்று கேட்கும் துணிச்சல் அந்த நான்கு பேரில் யாருக்கும் இல்லை. நாமக்கல்லில் மிக்சிக்குக்கூடப் பொட்டு வைத்துத்தான் சட்னி அரைப்பார்கள்.

பூசைக்கு ரஞ்சிதாவும் வந்தாள். என்னதான் கோபம் இருந்தாலும் வீட்டு வண்டி. சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டும். விமானத்தின் சக்கரமே எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. கழகம் கூடி ஆலோசித்து, மூன்று சக்கரத்துக்கும் மூன்று சுண்டைக்காய் வைப்பதென்று ஏகமனதாக முடிவெடுத்தது. அன்பரசு அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்து திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரம். லாரியானால் முன்பக்க பம்பரில் கட்டுவார்கள். விமானத்துக்கு முன்பக்கம் சுழலும் காத்தாடி. அங்கே கட்டினால் ஊறுகாய்தான். ரஞ்சிதா சுற்றிவந்து பார்த்தாள். நல்ல தடித்த பழமாக, கோழிமுட்டை அளவில் அவளே பார்த்து வாங்கி, ஏழு பச்சைமிளகாயும் கரித்துண்டும் சேர்த்துக் கோத்த சரம் அது. அதை வாலில் கட்டி இரண்டு முடிச்சுப் போட்டாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். தீனதயாளன் தன் பங்குக்குக் கறுப்புக் கயிற்றில் ஒரு கைக்குழந்தைச் செருப்பைக் கோத்து அதே வாலில் தொங்கவிட்டார். அன்பரசு கழகத்தின் பெயர் எழுதிய தகரத் தகடு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதற்கும் வாலில்தான் இடம் இருந்தது.

"வாலுப் பக்கம் கனமாயிருச்சுங்க. இன்னொருக்காப் புள்ளியில தூக்கிப் பாத்துரலாமுங்க" என்றார் குணசீலன்.

"பூசை போட்ட வண்டியத் தூக்கிப் பாக்கறது தகாதுங்க" என்றார் தலைவர். எடைச் சமநிலை பற்றி மூன்று மாதம் பாடம் நடத்திய அன்பரசு தன் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலுமணி வாலைப் பார்த்தார். பிறகு இன்னும் கும்பிட்ட கையை இறக்காமல் நின்ற மனைவியைப் பார்த்தார். ஓவர்லோடு என்பதை அவரைவிட அறிந்தவர் அந்த மாவட்டத்திலேயே இல்லை. தெரிந்தேதான் ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

சுண்டைக்காய்கள் நசுங்கின. விமானம் ஓடியது, எழுந்தது. எழுந்த வேகத்தில் மூக்கை வானத்துக்குத் தூக்கி, பின்கால் மடித்து உட்கார்ந்த நாய் மாதிரி அந்தரத்தில் நின்றது. வேலுமணி ரிமோட்டின் குச்சியை ஆன மட்டும் முன்னால் தள்ளினார். மூக்கு இறங்கவே இல்லை. அடித்த மேல்காற்று அப்படியே அதைக் கிழக்கே, ரோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

"இங்க குடுங்க ரிமோட்ட!" என்று குணசீலன் ஓடிவந்தார்.

"தலைவர் அனுமதி வேணுமுங்க, ஒன்பதாவது விதி" என்று அன்பரசு நினைவூட்டினார். தலைவர் செல்போனில் வீடியோ எடுப்பதில் மும்முரமாக இருந்தார். அனுமதி கிடைப்பதற்குள் விமானம் ரோட்டோர டீக்கடைக்கு மேலே போயிருந்தது. அங்கே மூட்டை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டிய லாரி ஒன்று புறப்படத் தயாராக நின்றது. வேலுமணி மோட்டாரை நிறுத்தினார். விமானம் மூக்கு நிமிர்ந்தபடியே, மெத்தையில் உட்காருவது போல அந்தத் தார்ப்பாய் மேல் உட்கார்ந்தது. கயிற்று இடுக்கில் வால் சிக்கிக்கொண்டது.

ஏழு விமானத்தில் அவர் உடையாமல் இறக்கியது அது ஒன்றுதான். அந்தச் சந்தோஷம் லாரி நகரும்வரைக்கும் இருந்தது. நான்கு பேரும் கத்திக்கொண்டே ஓடினார்கள். மேல்காற்றில் சத்தம் யாருக்குக் கேட்கும்? தொங்கிய தார்ப்பாய் நம்பர் பிளேட்டை மறைத்திருந்தது. தலைவரின் காரில் விரட்டலாம்தான். பின்சீட்டில் ஜெட் விமானம் இருந்ததால் அவர் நாற்பதுக்கு மேல் ஓட்ட மறுத்துவிட்டார். குணசீலன் பைக்கில் சேலம் பைபாஸ்வரை போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

கழகம் அன்றைக்கே அவசரமாகக் கூடியது. விமானம் தரையைத் தொடவில்லை, ஆகவே இன்னும் பறந்துகொண்டிருக்கிறது, ஆகவே இது சாதனை என்று தீர்மானம் போட்டார்கள். வேலுமணி கையெழுத்துப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றார்.

"எல்லாம் அந்த எலுமிச்சம்பழத்தாலதானுங்க. ஊட்ல சொல்லிப்போடுங்க, உங்க பக்கம் ஞாயம் இருக்குதில்லீங்க" என்றார் குணசீலன்.

வேலுமணி வீட்டுக்கு வந்தார். ரஞ்சிதா எதிரே உட்கார்ந்து சோறு போட்டாள். சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றது ஞாபகத்துக்கு வந்தது. ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"ஏனுங்ணா, நான் டிரைவர் காளியப்பனுங்க. விஜயவாடாவுல மழைங்க. கயிறு இழுத்துக் கட்டலாம்னு மேல ஏறுனா மஞ்சக் கலர்ல ஒரு ஏரோப்ளேன் உக்காந்திருக்குதுங்க. அதுல இந்த நம்பர் போட்டிருந்துச்சுங்க."

வேலுமணி முதலில் கேட்டது இதுதான்: "ஒடஞ்சிருச்சாங்க?"

"ஒரு கீறல் இல்லீங்ணா. இன்னொரு கூத்தக் கேளுங்க. இதே நம்பர் நம்ம லாரிப் பாடியிலயும் போட்டிருக்குதுங்க. இதும் நீங்க கட்டின வண்டிதானுங்ணா, எட்டு வருசமாச்சு. ஜவ்வரிசி லோடு, கல்கத்தா போறனுங்க. றெக்கை எட்டடி இருக்குது, ஆருகிட்டக் குடுத்து உட்டாலும் ஒடச்சுருவாங்க. நானே பத்திரமாக் கொண்டாரேன். ஆடிப் பதினெட்டுக்கு ஊரு வந்துருவனுங்க."

ரஞ்சிதாவிடம் சொன்னார். "வந்தாப் பாத்துக்கலாமுங்க" என்றாள். நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி அவள் போட்டிருந்த வட்டம் அப்படியே இருந்தது.

காளியப்பன் தினமும் ஒரு படம் அனுப்பினான். லாரிக் கேபின் மேல் கம்பளி விரித்து அதில் விமானத்தைக் கட்டியிருந்தான். ராஜமுந்திரியில் அதற்கு மல்லிகைச் சரம். ஒடிசாவில் ஏதோ கோயில் சிவப்புத் துணி. கல்கத்தாவில் செம்பருத்தி மாலை. தீர்மானப்படி விமானம் இன்னும் பறப்பதாகவே கழகம் கருதியது. அன்பரசு படம் வரவர நோட்டில் தூரத்தைக் கூட்டி எழுதிவந்தார். திரும்பும் வழியில் ஆடி பதினாறாம் தேதியோடு படம் வருவது நின்றது. போன் அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது.

ஆடிப் பதினெட்டு. ரஞ்சிதா பழம், பூ, காதோலை கருகமணி எல்லாம் கூடையில் எடுத்து வைத்தாள். கடைசியாக ரிமோட்டை மஞ்சள் பையில் போட்டு அதன் பக்கத்தில் வைத்தாள். வேலுமணி சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். காலையிலிருந்து நான்குமுறை தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒன்பது மணி ஆயிற்று. பத்து மணி ஆயிற்று. இதற்குமேல் தாமதித்தால் ஆற்றில் கூட்டம் தாங்காது என்று ரஞ்சிதா கூடையைத் தூக்கினாள்.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. தெருவே அதிரும்படி இரட்டை ஹாரன்.

லாரி வந்து வாசலில் நின்றது. கேபின் மேல் மஞ்சள் விமானம், கல்யாண மாப்பிள்ளை மாதிரி மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தது. "போன் தண்ணியில உழுந்துருச்சுங்ணா, மன்னிச்சுக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே காளியப்பன் குதித்தான். "வழி நெடுக ஒரு செக்போஸ்ட்ல கூட மடக்கலீங்க. நிறுத்துனவங்களும் போட்டோ எடுத்துக்கிட்டுத்தான் உட்டாங்க."

வேலுமணி விமானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஆனால் அவர் கால் விமானத்திடம் நிற்கவில்லை. லாரியின் பக்கப் பலகையைத் தடவிக்கொண்டே பின்னால் போனார். எட்டு வருட மழையும் வெயிலும் தின்றும் சட்டம் ஆடவில்லை. பூட்டிய பலகை பூட்டியபடி இருந்தது. பின்கதவில் அவர் கையால் வரைந்த மயில், வர்ணம் வெளுத்து, கழுத்து மட்டும் நீலமாக அவரையே பார்த்தது. இடிக்கவில்லை, நசுங்கவில்லை, டிங்கரிங்குக்கு வரவில்லை. சும்மா வந்திருந்தது. வேலுமணி அந்த மயில்மேல் கையை வைத்தபடி, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரஞ்சிதா கூடையோடு நின்று அதைப் பார்த்தாள்.

பிறகு அவர் கேபின்மேல் ஏறி, விமானத்தின் வாலில் கறுத்துச் சுருங்கித் தொங்கிய எலுமிச்சைச் சரத்தை மெதுவாக அவிழ்த்தார். கீழே இறங்கி வந்து, லாரியின் முன்பக்க பம்பரில் கட்டினார்.

"ஏனுங்க, அத எதுக்கு அங்க கொண்டுபோய்க் கட்டறீங்க?"

"இதுக்கு எடம் இதுதான் ரஞ்சிதா. வாலுக்குக் கனமாப் போயிருச்சு."

ரஞ்சிதா வாலைப் பார்த்தாள். பம்பரைப் பார்த்தாள். ஏரியில் விமானம் மூக்கைத் தூக்கி நின்றது அவள் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். முகம் சிவந்துவிட்டது.

"இத்தன நாளும் ஏன் சொல்லலீங்க?"

"நீ கும்பிட்டுக் கட்டினது."

அவள் கூடையைப் படியில் இறக்கி வைத்தாள். மஞ்சள் பைக்குள்ளிருந்து ரிமோட்டை எடுத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"அடுத்த தடவ சின்னப் பழமாப் பாத்துக் கட்டறேனுங்க" என்றாள்.